ஆசிரியரை மறவாத ஆசிரியர்: விபுலாநந்த அடிகள் சரிதம்

கல்லூரி விழா மலர்களிலே அதிபர்களின் படங்களும் ஆண்டறிக்கைகளும் பரீட்சைப் பெறுபேறுகளும் நிறைந்திருப்பது வழக்கம். அவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும், எமது கல்லூரிக்கு மாத்திரம் உரியரல்லாத ஒருவரைப் பற்றி இம்மலரிலே எழுத யாம் துணிந்தோம். விபுலாநந்த அடிகளை எந்த ஒரு கல்லூரியும் தனக்கே உரியவரென்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர் படித்த பள்ளிகள் பல. படிப்பித்த பள்ளிகள் பல. பொறுப்பேற்று நடத்தியனவும் புதிதாக எழுப்பியனவும் பல. ஆதலின், ஈழத்து இந்துக் கல்லூரி எதன் மலரிலும் அவருக்கு இடமுண்டு என்று கருதுகின்றோம்.

அடிகளைப் பற்றி மேடைகளிலே பேசுவோர் யாழ் நூலையும் பல்கலைக்கழகப் பேராசிரியப் பதவியையும் எடுத்தோதி அமைவர். அவற்றின் பெருமையை யாம் மறுப்போமல்லோம். பழைய மாணவர் என்ற முறையில் எம் கண்ணுக்குப் படுவது வேறொன்று. தாம் யாரிடத்தில் எதனைப் பெற்றோம் என்ற கணக்கை அவர் என்றும் மறந்ததில்லை. பெற்றதைப் பிற பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தீர்ப்பதற்காகத் தம் ஆயுளிற் பெரும்பகுதியைச் செலவிட்டார். அச்செலவினால் அவர்தம் புலமைக்கு நட்டம் நேர்ந்ததோ என்பது அறிஞர் சிலர் எழுப்பக்கூடிய வினா. அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கிழக்குக் கடலை அடுத்து, காரைதீவு என்னும் ஊர் உளது. வயலும் கடலும் இருமருங்கும் நிற்க, அயலிலே முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள் சூழ்ந்திருக்க, நடுவிலே கண்ணகியம்மன் கோயில் கொண்டிருக்கும் ஊர் அது. 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களிலே, அவ்வூரிற் சாமித்தம்பி என்பாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகவாகத் தோன்றினார் மயில்வாகனன். பின்னாளிலே விபுலாநந்த அடிகளென விளங்கியவர் இவரே.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தமிழகத்திலே சிலப்பதிகாரம் ஏட்டுச் சுவடியாய்ப் புலவர் வீட்டுப் பரண்களிற் கிடந்த காலத்திலும், மட்டக்களப்பு நாட்டு மக்களுக்குக் கண்ணகி கதை ஏட்டளவில் நின்றதன்று. வைகாசித் திங்களிற் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, குளிர்த்தி செய்து நிறைவுறும் சடங்கினூடே ஊர்ச் சிறுவரும் அக்கதையைக் கேட்டே வளர்வர். மயில்வாகனனும் அவ்வாறே கேட்டு வளர்ந்தவர். இளங்கோவடிகளின் அரங்கேற்று காதையிலே பல ஆண்டுகள் தோய்ந்து பேராராய்ச்சி செய்த ஒருவருக்கு அந்நூலின் தலைவி சிறுபருவத்திலேயே ஊர்த் தெய்வமாக அறிமுகமாகியிருந்தாள் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் நன்று.

அவருக்கு எழுத்தறிவித்தவர் காரைதீவிலே குஞ்சித்தம்பி ஆசிரியர். அக்காலத்துக் கிராமப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரைப் பற்றி ஏடுகள் எதுவும் எழுதி வைப்பதில்லை. அவர் பெயர் ஊரவர் நாவிலே ஒரு தலைமுறை வாழ்ந்து மறைவது உலகியல்பு. குஞ்சித்தம்பி ஆசிரியரின் பெயர் மறையாமல் நிற்பதற்குக் காரணம் அவருடைய மாணாக்கரே. பேரும் புகழும் பெற்றபின் அடிகள் தம் இளமைக்கால ஆசிரியரைப் பெயர் சொல்லிப் போற்றிச் செய்யுள் பாடினார். தமிழும் ஆங்கிலமும் தமக்கு முதலிலே புலப்படுத்தியவர் இவரென்று அதிலே நன்றியோடு பதிந்துவைத்தார். துறவியாய், உலகப் பந்தங்களை நீத்த ஒருவர் நீக்காத பந்தம் இது. நம்மிற் பலர் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களிலே அதிபரையும் கிரிக்கெட்டு வெற்றிகளையும் நினைவுகூர்கின்றோம்; அரிவரி வகுப்பிலே நம் கைவிரலைப் பிடித்து மணலில் எழுதுவித்தவர் பெயரைக் கேட்டாற் சற்றே தயங்குகின்றோம்.

இரண்டாம் ஆசிரியர் புலோலியூர் வைத்தியலிங்க தேசிகர். பெயரே சொல்லுமாறு இவர் யாழ்ப்பாணத்தவர். வடமராட்சியிலிருந்து காரைதீவு சென்று தங்கி, அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் வடமொழியும் கற்பித்தார். பின்னாளில் மட்டக்களப்பினரான அடிகள் யாழ்ப்பாணம் வந்து எம்மவருக்குக் கற்பித்ததும், அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தவர் ஒருவர் அங்கே சென்று அவருக்குக் கற்பித்ததும் ஒன்றுக்கொன்று கைம்மாறாக அமைந்தன. நிகண்டும் நன்னூலும் இலக்கியமும் என முறையாகச் செல்லும் பழைய தமிழ்க் கல்வி அவர் உள்ளத்தில் வேர்கொண்டது இக்காலத்திலேயாம்.

அதன்பின் ஆங்கிலக் கல்வி. கல்முனையிலே மெதடிஸ்த சங்கத்தாரின் பள்ளியிற் பயின்று, மட்டக்களப்பு நகரஞ் சென்று, இயேசு சபைக் குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த பேறு வண. பொனெல் என்னும் குருவானவர். மாணவனின் கணித ஆற்றலை அறிந்து, அதனைக் கூர்மையாக்கியவர் அவரே. 1908ஆம் ஆண்டிலே, பதினாறு வயதில், மயில்வாகனன் கேம்பிரிட்சு சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். வைத்தியலிங்க தேசிகரிடம் இலக்கணமும், பொனெல் அடிகளிடம் கணிதமும் கற்ற பிள்ளை அவர். இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனி ஆறுகளாய் ஓடின. ஒன்றாய்க் கலந்த இடத்தைக் காண நாற்பதாண்டு காத்திருக்கவேண்டும்.

சைவப் பிள்ளைகள் கிறித்தவப் பாடசாலைகளிலே படிப்பது அக்காலத்திலே ஒரு பெரிய வழக்காயிருந்தது. நாவலர் பெருமான் 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், பிற்பட்டு எழுந்த இந்துக் கல்லூரிகள் யாவும் அவ்வழியிலே தோன்றியதும் அவ்வழக்கினால் விளைந்தனவே. எம் கல்லூரியும் அதற்கு விலக்கன்று. சைவப் பிள்ளைகளுக்குச் சைவப் பள்ளிகள் வேண்டுமென்பதில் அடிகளுக்குச் சற்றும் ஐயமிருந்ததில்லை. அதற்காகவே பின்னர் ஊரூராய் உழைத்தார். ஆனால், தம்மைப் படிப்பித்த குருமார்மீது ஒரு காலத்தும் காழ்ப்புக் கொண்டாரல்லர். மிக்கேல் கல்லூரியிலேயே ஆசிரியராய் இருந்தார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் பணியாற்றினார். திருநீறு அணிந்த சைவர் ஒருவரை விஞ்ஞான ஆசிரியராக ஏற்ற அக்குருமாரின் பெருந்தன்மையும், அவர்களிடத்துத் தம் சமயம் குன்றாது நின்ற ஆசிரியரின் உறுதியும் ஒருங்கே நினைக்கத்தக்கன. மதவாதத்திலே நாவன்மை காட்டிய பலர் அக்காலத்திலே இருந்தனர். அடிகள் அவ்வழி சென்றாரல்லர். அதுவே அவரிடத்து எமக்கு மிகவும் பிடித்த குணம் என்பதைச் சொல்லிவிடுகின்றோம்.

சீனியர் பரீட்சை தேறிய பின்னர் மிக்கேல் கல்லூரியிற் சில காலம் கற்பித்துவிட்டு, 1911இற் கொழும்பு அரசினர் ஆசிரிய கலாசாலைக்குச் சென்று பயிற்சி பெற்றார். கொழும்பு வாழ்க்கையினாற் பயிற்சிப் பத்திரத்தோடு மற்றொன்றும் கிடைத்தது. தென்கோவைக் கந்தையபிள்ளை, கைலாசபிள்ளை என்னும் தமிழறிஞர்களை அடுத்து, சங்க இலக்கியங்களையும் பழந்தமிழ் நூல்களையும் ஆழக் கற்கும் வாய்ப்பு அது. பகலிலே ஆசிரியத் தொழிலுக்குரிய பயிற்சி. ஓய்வு வேளையிலே பழந்தமிழ். மீண்டும் மட்டக்களப்பு, பின்பு 1915இற் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரி. 1916ஆம் ஆண்டிலே விஞ்ஞானத் துறையில் டிப்புளோமாவும், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் பெற்றார். ஈழத்திலிருந்து அப்பட்டம் பெற்றவருள் இவரே முதல்வர் என்ப. இரசாயனக் குடுவையும் தொல்காப்பியச் சுவடியும் ஒரே மேசையில் இருந்த அந்த ஆண்டை எண்ணிப் பார்த்தால் எமக்கு வியப்பே உண்டாகின்றது. இக்காலத்து மாணவர் கலைப் பிரிவென்றும் விஞ்ஞானப் பிரிவென்றும் சிறுவயதிலேயே பிரிக்கப்பட்டு, ஒருசாரார் கற்பதை மறுசாரார் எட்டியும் பாராத நிலையிலிருக்கின்றனர். பண்டிதர் மயில்வாகனனார் இக்காலத்திலே பிறந்திருப்பின் எந்தப் பிரிவுக்குரிய படிவத்தை நிரப்பியிருப்பார் என்பது தெரியவில்லை.

1917ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்து சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பிக்கலானார். அப்பணியோடு இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்கும் தாமே ஆயத்தஞ்செய்து சித்தியெய்தினார். சென்னை இராமகிருஷ்ண மடத்துச் சுவாமி சர்வாநந்தர் யாழ்ப்பாணம் வந்து சொற்பொழிவு ஆற்றியதும் அக்காலத்திலேயே. அவர் வரவு இளம்பண்டிதரின் உள்ளத்தை வேறொரு திசையிற் திருப்பியது.

1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியார் அவரைத் தம் அதிபராக அழைத்தனர். அப்பொழுது அக்கல்லூரி தோன்றிப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. அதிபருக்கோ வயது இருபத்தெட்டு. பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியுமான ஒருவர் சைவக் கல்லூரி ஒன்றுக்குத் தலைவராய்க் கிடைப்பது அந்நாளிலே அரிதினும் அரிது. யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் கூட்டுறவும் அவருக்கு அங்கிருந்தே பெருகிற்று. 1921ஆம் ஆண்டிலே தமிழையும் வடமொழியையும் வளர்க்கும் பொருட்டு நிறுவப்பட்ட ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் தொடக்க முயற்சிகளிலே பண்டிதர் மயில்வாகனனாரும் ஈடுபட்டார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் பல தலைமுறை யாழ்ப்பாணத்துத் தமிழாசிரியரை உருவாக்கியது அச்சங்கத்துப் பரீட்சைகளே என்பதை எம் கல்லூரியிற் பண்டிதர்களிடம் தமிழ் கற்றோர் அறிவர்.

இரண்டாண்டு கழிந்தது. நல்ல சம்பளம், சமுதாய மதிப்பு, முன்னேறும் கல்லூரி, இளவயது. இவை யாவும் இருக்க, 1922ஆம் ஆண்டிலே அதிபர் பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். அதிபரை இழந்த கல்லூரிக்கு அது சிறு இழப்பன்று. அந்நாளிலே மானிப்பாய் மாணவராயிருந்தோர் உள்ளத்தில் என்ன எண்ணம் எழுந்திருக்கும்? நல்லாசிரியர் ஒருவர் நடுவழியிற் பிரியும்போது பிள்ளைகளுக்கு உண்டாகும் ஏக்கத்தை நாமெல்லாம் ஒருமுறையேனும் அனுபவித்திருக்கின்றோம். துறவின் மேன்மை அவ்வயதிற் புலப்படாது. வெறுமையான நாற்காலி ஒன்றே கண்ணுக்குத் தெரியும்.

மயிலாப்பூரிலே பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயருடன் பயின்று, 1924இலே, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடருள் ஒருவராகிய சுவாமி சிவாநந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார். இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் மடத்துப் பத்திரிகைகளுக்கு ஆசிரியப் பணி செய்ததும் இக்காலத்திலே. மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நாடகத் தமிழ் பற்றி அவர் நிகழ்த்திய சொற்பொழிவின் விரிவாகிய மதங்க சூளாமணி 1926இல் நூலாக வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராயும் அந்நூலைப் படிப்போர், தேசிகரின் மாணாக்கரும் மிக்கேல் கல்லூரியின் மாணாக்கரும் ஒருவரே என்பதைக் காண்பர்.

பள்ளியை விட்டு மடத்துக்குப் போனவரை மடம் மீண்டும் பள்ளிகளுக்கே அனுப்பிற்று. 1925ஆம் ஆண்டளவிலே ஈழம் திரும்பிய அடிகளிடம் இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. திருக்கோணமலை இந்துக் கல்லூரியைச் சங்கம் ஏற்றபோது அதன் முகாமையையும் சில காலம் தலைமையையும் அடிகள் வகித்தார். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே வைத்தீசுவர வித்தியாலயம். காரைதீவிலே சாரதா பெண் பாடசாலை. கல்லடி உப்போடையிலே ஆதரவற்ற பிள்ளைகளுக்கான மாணவர் இல்லமும் பாடசாலைகளும். இரு மாகாணத்துத் தூரங்களைக் கடந்து இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்யவேண்டியிருந்தது.

இவற்றுள் அவர் உள்ளத்துக்கு மிக அணுக்கமானது கல்லடி உப்போடைச் சிவாநந்த வித்தியாலயம். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, மணலும் தென்னையும் சூழ்ந்த நிலத்தில், 1929ஆம் ஆண்டிலே அது திறந்துவைக்கப்பட்டது. மட்டக்களப்பு நகரத்திலே கிறித்தவ சங்கத்தாரின் ஆங்கிலக் கல்லூரிகள் முன்னரே நன்கு நடைபெற்றன. அடிகள்தாமே அவற்றின் பயனைத் துய்த்தவர். இந்துப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலே ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்பதற்கு அத்தகைய கல்லூரி அங்கே இல்லாதிருந்தது. ஊர்ப் பெருமக்கள் நிலமும் பொருளும் உதவ, அக்குறை நீங்கிற்று. தம் பெயரையோ, பொருள் கொடுத்தார் பெயரையோ அதற்கு இடாமல், தமக்குச் சந்நியாசம் அளித்த குருவின் பெயரை இட்டார் அடிகள். கணக்கைத் தீர்க்கும் முறையை இங்கும் காண்க.

பாடசாலை முகாமையாளர் வேலை எத்தகையது என்பதை எம் கல்லூரியின் பழைய பதிவேடுகளைப் புரட்டியவர் அறிவர். அரசினர் நன்கொடை தொடங்கும்வரை ஆசிரியர் சம்பளத்துக்குக் கைப்பணம் தேடவேண்டும். கூரைக்கு ஓலையோ ஓடோ, வாங்குக்குப் பலகை, விஞ்ஞான கூடத்துக்குக் கண்ணாடிப் பாத்திரம், விடுதிப் பிள்ளைகளுக்கு அரிசி என்று நாடோறும் ஒன்று இல்லாமற்போகும். வித்தியாபகுதியாருக்கு எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வராது. வந்தால் மற்றொரு கேள்வியோடு வரும். யாழ் நரம்பின் நுட்பத்தை ஆராயும் மூளை இவற்றிலே உழன்றது. இங்கேதான் முன்னே குறித்த வினா எழுகின்றது. இத்தனை ஆண்டுகளையும் அவர் ஆராய்ச்சியிற் செலவிட்டிருந்தால் தமிழுக்கு இன்னும் எத்தனை நூல்கள் கிடைத்திருக்கும்? அடிகள் எழுதி முடித்த பெருநூல்கள் இரண்டே. கட்டுரைகளும் செய்யுள்களும் மொழிபெயர்ப்புகளும் பத்திரிகைகளிலே சிதறிக் கிடந்து, பிற்காலத்தார் தேடித் தொகுக்க நேர்ந்தது. இழப்பில்லை என்று யாம் பூசிமெழுக விரும்பவில்லை. இழப்பு உண்டு. அதனை அறிந்தே அவர் அவ்வழி சென்றார் என்பதுதான் எம் கருத்து. தமக்குக் குஞ்சித்தம்பி ஆசிரியர் ஒருவர் கிடைத்ததுபோல மற்றப் பிள்ளைக்கும் ஒருவர் கிடைக்கவேண்டும் என்னும் எண்ணம் நூலாசைக்கு முன்னே நின்றது.

1931ஆம் ஆண்டிலே சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் முதற்றமிழ்ப் பேராசிரியராக அவரை அழைத்தது. தமிழகத்தின் புலமைப் பரம்பரைக்கு நடுவே ஈழத்தவர் ஒருவர் அப்பீடத்தில் அமர்ந்தார். பாரதியாரைப் பெரும்புலவரென ஒப்புக்கொள்ளப் பண்டிதர் பலர் தயங்கிய காலம் அது. அடிகளோ பல்கலைக்கழகத்திலே பாரதி கழகம் அமைத்து, மாணவர் அப்பாடல்களை ஆராய வழிசெய்தார். மாலைவேளையில் அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்கு நடந்து சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். தீண்டாமை வழக்கு உறுதியாயிருந்த அந்நாளிலே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் சேரித் திண்ணையில் அரிவரி சொல்லிக்கொடுத்தல் சிலருக்கு உவப்பாயிராது. பேராசிரியப் பதவியையும் அவர் நெடுங்காலம் வைத்திருக்கவில்லை. 1933இலே அதனை விட்டு, தம் பள்ளிகளிடமே திரும்பினார்.

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கலாகாது என்பார் அன்றும் இருந்தனர். இரசாயனமும் தமிழும் ஒருங்கே கற்ற அடிகளுக்கு அக்கூற்று நகைப்பையே விளைத்திருக்கும். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கு எடுத்த பெருமுயற்சியிலே அவர் முன்னின்றார். 1936இலே சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகிய கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938இல் வெளிவந்தது. எம்மிற் பலர் விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்று மருத்துவராயும் எந்திரவியலாளராயும் ஆனோம். அந்தப் பாதையின் முதற்கற்களை இட்டவருள் தொழினுட்பக் கல்லூரியின் இந்தப் பழைய மாணவரும் ஒருவர்.

1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதியிலே பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்தார். 1942இலே இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டிலே அதன் முதற்றமிழ்ப் பேராசிரியர் பதவி அடிகளை வந்தடைந்தது. இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே முதற்றமிழ்ப் பேராசிரியராயிருந்த பெருமை இவருடையது. ஈழத்துப் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்கு அவரே அடிகோலினார். உடல்நலமோ வரவரக் குன்றிற்று.

இனி யாழ் நூல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே இசையாசிரியன், யாழாசிரியன் முதலியோரின் அமைதி கூறும் பகுதி உளது. உரையாசிரியர் காலத்திலேயே யாழ் வழக்கொழிந்து, அதன் இலக்கணம் மயங்கிக் கிடந்தது. யாழ் என்பது வீணையே என்பாரும் உளர். அடிகள் அப்பகுதியை அடிப்படையாகக் கொண்டு, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என்பவற்றின் உருவையும் நரம்பமைதியையும் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். நரம்பின் நீளமும் அதில் எழும் ஒலியின் அதிர்வெண்ணும் ஒன்றோடொன்று பொருந்தும் விகிதங்களைக் கணக்கிட்டு, இருபத்திரண்டு அலகுகளையும், பாலைத் திரிபுகளையும், நூற்றுமூன்று பண்களையும், தேவாரப் பண்களையும் விளக்கினார். பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்கள். ஆராய்ச்சிக்குச் சென்ற காலம் பதினான்கு ஆண்டுகள் என்பர். தமிழ்ப் புலமை மட்டும் உடையார்க்கு அந்நூலின் கணக்குகள் எட்டா. கணிதம் மட்டும் வல்லார்க்கு அதன் செய்யுள்கள் எட்டா. முன்னே யாம் குறித்த இரண்டு ஆறுகளும் கலந்த இடம் இதுவே. காரைதீவுத் திண்ணையிலே தேசிகர் சொல்லிக்கொடுத்த இலக்கணமும், மிக்கேல் கல்லூரிக் கரும்பலகையிலே பொனெல் அடிகள் எழுதிக்காட்டிய கணிதமும், தொழினுட்பக் கல்லூரியின் பௌதிகமும், ஊர்க் கோயிலிலே கேட்ட கண்ணகி கதையும் யாழ் நூலின் ஒவ்வோர் இயலிலும் இழையோடுகின்றன. பள்ளிகளிலே செலவிட்ட காலத்தை நட்டமென்று எழுதுவோர் பள்ளிகளிலே பெற்ற முதலையும் கணக்கிலே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் குலத்துப் பெருமகன் ஒருவரின் ஆதரவினாலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக நூல் அச்சேறிற்று. 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆந் தேதிகளிலே, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நடைபெற்றது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் ஓடம் செலுத்திக் கரையேறிய தலம் அது. நூலிற் கண்டவாறு செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றை மீட்டி இசையும் எழுப்பினர். பல நூற்றாண்டாக மனிதர் செவி கேளாத ஒலி அன்று அக்கோயில் மண்டபத்திலே எழுந்தது. தளர்ந்த உடலோடு அடிகள் அதனைக் கேட்டிருந்தார்.

ஈழம் திரும்பி ஆறு வாரங்கூடச் சரியாக நிரம்பவில்லை. 1947 ஜூலை 19ஆந் தேதி, ஐம்பத்தைந்தாம் வயதிலே, கொழும்பில் அடிகள் இவ்வுலக வாழ்வை நீத்தார். யாழ் நூலை உலகம் படித்துச் சொல்லும் கருத்தைக் கேட்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. நூலின்மேல் எழுந்த ஐயங்களுக்கு விடை சொல்ல ஆசிரியரில்லாமற் போனமையே இசையுலகத்துக்கு நேர்ந்த பேரிழப்பு என்று யாம் கருதுகின்றோம். பாடசாலைகளினால் நேர்ந்த இழப்பு அதற்குப் பின்னேதான் வைத்தெண்ணப்படும்.

அவர் நடத்திய பாடசாலைகள், எம் கல்லூரியைப் போலவே, 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களினால் வந்த மாற்றத்துக்கு உட்பட்டன. சங்கத்தின் முகாமை நீங்கி அரசினர் முகாமை வந்தது. அம்மாற்றம் நன்றோ தீதோ என்று எம் பழைய மாணவர் இன்றும் விருந்து மேசையிலே வாதிடுகின்றனர்; இம்மலரிலும் அவ்வாதத்தைத் தொடர யாம் விரும்பவில்லை. பெயர்ப்பலகைகளிலே சில சொற்கள் மாறின. சாரதா, விவேகாநந்தா, சிவாநந்தா என்னும் பெயர்கள் மாறவில்லை. கிழக்கிலங்கையின் போர்க்காலத்து ஆண்டுகளையும், 2004 மார்கழியிற் கல்லடிக் கரையை அழித்த ஆழிப்பேரலையையும் கடந்து அப்பள்ளிகளிலே பிள்ளைகள் படிக்கின்றனர். அவர் பெயரைத் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்றும் மட்டக்களப்பிலே இசையும் நடனமும் நாடகமும் கற்பித்து வருகின்றது.

அடிகளின் உடலைக் கொழும்பிலே வைத்துக்கொள்ளவில்லை, காரைதீவுக்கும் கொண்டுபோகவில்லை. மட்டக்களப்புக்குக் கொணர்ந்து, கல்லடி உப்போடையிலே, அவர் எழுப்பிய சிவாநந்த வித்தியாலயத்து வளவிலே, மரநிழலிற் சமாதி வைத்தனர். இறைவன் அடிக்கு ஏற்ற மலர் எதுவென்று வினாவி, உள்ளமாகிய மலரையே விடையாகக் காட்டும் அவருடைய செய்யுள் அக்கல்லறையிலே பொறிக்கப்பட்டுள்ளது. மட்டக்களப்புக்குச் செல்லும் எம் பழைய மாணவர் கல்லடிப் பாலத்தைக் கடந்ததும் வண்டியைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். பள்ளி நடைபெறும் நாளாயின், பிள்ளைகள் அதனைக் கடந்து வகுப்புக்குப் போவதைக் காணலாம்.